பழந் தேசப்படமும் வறண்ட நாடும்

தபால் தலை சேர்ப்பாரையும் பழங்காசு சேர்ப்பாரையும் எம் நாட்டார் நன்கறிவர். பழைய தேசப்படங்களைத் தேடிச் சேர்ப்பாரும் உளர் என்று கூறினால், "கிழிந்த காகிதத்தில் என்ன இருக்கிறது?" என்று வினவுவோரே பலர். அவ்வினாவுக்கு விடையாகச் சில கூறப் புகுந்தோம். யாம் என்றது, அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கங்களிலிருந்து இக்கலாசாலைக்கு வந்து பயின்றோரும் பயில்வோருமாகிய சிலரை. எம் கூட்டத்துக்குப் பெயரில்லை, விதிகளில்லை, சந்தாவில்லை. தலைவர் இல்லாமையால் தலைமையுரையும் இல்லை. ஆள் சேர்வதற்குப் பெருங்காரணம் இஃதொன்றே என்று எம்முள் ஒருவர் சொல்லுவர்.

மேல்நாடுகளில் இவ்வார்வம் சங்கங்களாகவே உருப்பெற்றது. 1935-இல் லியோ பாக்ரோ என்பார் பெர்லின் நகரத்தில் 'இமாகோ முண்டி' என்னும் ஏட்டைத் தேசப்படங்களின் சரித்திரத்துக்கென்றே தொடங்கினார். 1976-இல் சிக்காகோவிலும், 1979-இல் வாஷிங்டனிலும் தேசப்படச் சங்கங்கள் தோன்றின. 1980-இல் லண்டனில் சர்வதேசத் தேசப்படச் சேகரிப்பாளர் சங்கம் நிறுவப்பெற்றது. பிரிட்டிஷ் அரசாங்க அளவைப் படங்களை மாத்திரமே ஆராய்தற்கென்று, சார்ல்ஸ் குளோஸ் என்னும் அளவைத் தலைவர் பெயரால் அதே ஆண்டில் வேறொரு சங்கமும் எழுந்தது. இத்தகைய சங்கத்தார் இதழ் வெளியிடுவர், படச்சந்தை நடத்துவர், தேசந்தோறும் சென்று நூல்நிலையங்களிலும் தனியார் மாளிகைகளிலும் உள்ள படங்களைக் கண்டு மீள்வர். இவற்றுள் எம் மனத்தைக் கவர்ந்தது அவர்தம் மாலைக் கூட்டமே. ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள படமொன்றைக் கொணர்ந்து மேசைமேல் விரித்து, அது தம் கைக்கு வந்த வகையைச் சொல்லுவர். மற்றையோர் குனிந்து நோக்கிக் குறுக்கு வினா விடுப்பர். அவ்வளவே. ஆயினும் தனியே பத்தாண்டு பார்த்தும் காணாத ஒன்றை, அம்மேசையருகே நிற்கும் வேறொருவர் ஒரு நொடியில் கண்டுவிடுவது உண்டு.

எம் தேசத்திலும் இத்துறையில் உழைத்தோர் உளர். சூசன் கோல் அம்மையார் இந்தியாவின் பழம்படங்களைப் பற்றி 1976-இல் வெளியிட்ட நூல் இன்றும் வழிகாட்டியாகவே நிற்கிறது. ஐதராபாத்தில் கலாகிருதி என்னும் பெயரோடு விளங்கும் சேகரிப்பிலிருந்து எடுத்த படங்கள் 2015-இல் டில்லி தேசியக் காட்சிச்சாலையில் வைக்கப்பெற்றன. ஆயின், செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டு வண்ணந்தீட்டிய அப்பழம்படங்களை விலைகொடுத்து வாங்கும் ஆற்றல் எமக்கில்லை. எம் செல்வமெல்லாம் நகல்களும், பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்ட சுவர்ப்படங்களும், துணியில் ஒட்டி மடித்த சர்வேத் தாள்கள் சிலவுமே. இராமபாணப் பூச்சி அரித்ததுபோக எஞ்சியவற்றை வசம்பும் வேப்பிலையும் இட்டுக் காத்து வருகிறோம். சனிக்கிழமை மாலையில், ஒழிந்த வகுப்பறையொன்றில் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அதுவே எம் சங்க மண்டபம்.

கூட்டம் எதற்கு, ஒருவர் தனித்தே சேர்க்கலாகாதோ எனின், எம் ஊரின் கிடப்பே அதற்கு விடையாகும். இந்திய சர்வே இலாகாவினர் தேசத்தைத் தாள் தாளாகப் பகுத்த பொழுது, 78-ஆம் தீர்க்கரேகை ஒரு தாளுக்கும் மறு தாளுக்கும் எல்லையாயிற்று. அந்த ரேகை விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே ஓடுகிறது. ஆகவே விருதுநகர் 58 ஜி என்னும் தாளிலும், அருப்புக்கோட்டை 58 கே என்னும் தாளிலும் விழுந்தன. நாள்தோறும் சந்தைக்கும் ஜவுளிக்கும் ஒன்றையொன்று நாடி நிற்கும் இவ்விரண்டு ஊர்களையும் ஒருங்கே காண வேண்டின், இரண்டு தாளும் வேண்டும். ஒரு தாள் எம்முள் ஒருவரிடம் இருந்தது. மற்றது வேறொருவரிடம் இருந்தது. இருவரும் பல்லாண்டு பழகியும் இதனை அறியார். இரண்டையும் விளிம்பொட்டி வைத்த அன்றுதான், பாதியிலே அறுந்து கிடந்த ரஸ்தா முழுமையாக ஓடிற்று. விளிம்பிலே பாதியாய் நின்ற கண்மாய் ஒன்றும் தன் மறுபாதியைக் கூடிற்று. எம் கூட்டம் தோன்றியது அன்றுதான் என்று கொள்ளலாம்.

எம் கூட்டத்தில் இளைஞர் பெரிதும் விரும்புவது தேதியிடாத படத்துக்குத் தேதி காணும் விளையாட்டாகும். பழைய சுவர்ப்படங்களில் அச்சிட்ட ஆண்டு இருந்த மூலை பெரும்பாலும் கிழிந்து போயிருக்கும். அப்பொழுது படமே சாட்சி சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை போடப்பட்டது 1876-இல். மண்டபம் வரைக்கும் பாதை சென்றது 1902-இல். பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914-இல். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லா அமைத்தது 1910-இல். விருதுபட்டி என்னும் பெயர் விருதுநகர் என்று மாறியது 1923-இல். அருப்புக்கோட்டைக்குப் புகைவண்டி வந்ததோ 1960-களின் முற்பகுதியில்தான். அதற்கு முற்பட்ட படங்களில் எம் ஊரைச் சுற்றி மண்சாலைகளே உள. 1964 டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1985-இல் இராமநாதபுரம் ஜில்லா மூன்றாகப் பிரிந்து, எம் தாலுகாக்கள் விருதுநகரின் பாற்பட்டன.

இவ்வளவும் அறிந்த ஒருவனுக்குக் கிழிந்த மூலை ஒரு குறையன்று. சென்ற ஆண்டு ஒரு மாணவர் சென்னை மாகாணப் படமொன்றைப் பழைய காகிதக் கடையிலிருந்து கொணர்ந்தார். அதிலே இராமநாதபுரம் ஜில்லா உண்டு. பாம்பன் கடலைக் கடந்து பாதையும் உண்டு. விருதுபட்டியோ இன்னும் விருதுபட்டியாகவே நின்றது. 1914-க்கும் 1923-க்கும் இடைப்பட்டது அப்படம் என்று முதலாண்டு மாணவி ஒருவரே தீர்ப்புக் கூறினார். யாம் ஒன்று மாத்திரம் சேர்த்துக் கூறினோம்: அச்சிடுவோர் பழைய தகட்டையே திருத்தித் திருத்தி வழங்குவர், புதிய பாதையைச் சேர்த்துவிட்டுப் பழைய பெயரை மறந்து விடுதலும் உண்டு. ஆகலின், படத்தில் உள்ளது 'இதற்குப் பின்' என்று உறுதி கூறும். இல்லாதது அத்துணை உறுதியாக 'இதற்கு முன்' என்று கூறாது. இந்நுட்பத்தைச் சரித்திர பாடம் பயிலும் மாணவர்க்கு உணர்த்த ஒரு கிழிந்த படத்தினும் சிறந்த உபகரணம் வேறில்லை.

இனி, பழம்படங்களில் எம் வறண்ட நாடு பெற்ற இடம் யாது என்று பார்ப்போம். கிறிஸ்து பிறந்தபின் இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி, பாண்டியர் தலைநகராகிய மதுரையையும் கொற்கையையும் தம் பூகோள நூலில் குறித்துள்ளார். ஆயின் அவர் கணக்கின்படி வரைந்த படத்தில் இந்தியாவின் தென்முனை மழுங்கிப் போயிற்று. இலங்கையோ மிகப் பெருத்துவிட்டது. மதுரைக்கும் கடலுக்கும் நடுவே எம் ஊர்கள் நிற்கவே இடம் காணோம். பின்னர் நெடுங்காலம் ஐரோப்பியர் வரைந்த படங்களில் கடற்கரை நெருக்கமாக எழுதப்பெற்றது; உள்நாடு மலையென்றும் காடென்றும் மனம் போனபடி நிரப்பப்பட்டது. கப்பலில் வந்தோர் கண்டது கரையைத்தானே.

உள்நாட்டில் நடந்து திரிந்தோர் கணக்குக் கொடுத்த பின்னரே நிலைமை மாறிற்று. மதுரை மிஷனில் உழைத்த பூஷே என்னும் பிரெஞ்சு ஜேசு சபைப் பாதிரியார், மதுரை, தஞ்சை, செஞ்சி இராச்சியங்களின் படமொன்றை 1719-இல் பிரான்சுக்கு அனுப்பினார். அதனைக் கருவியாகக் கொண்டோருள் தலைசிறந்தவர் தான்வில் என்பார். இந்தியாவில் அடிவைத்தறியாதவர் அவர். பாரிஸ் நகரத்து அறையிலிருந்தே 1752-இல் இந்தியப் படத்தை வரைந்தார். அவரிடம் யாம் போற்றும் குணம் ஒன்றுண்டு. தக்க சான்றில்லாத இடத்தை அவர் விலங்குகளாலும் கற்பனை மலைகளாலும் மூடாமல் வெறுமையாகவே விட்டார். ஆராய்ச்சியில் இதனினும் அரிய ஒழுக்கம் இல்லை. பரீட்சைத் தாளில் எம் மாணவர் இதனைக் கைக்கொள்வராயின் திருத்துவோர் பாடு எளிதாகும்.

அளந்து வரைதல் என்பது அதன் பின்னர் வந்தது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு முழுவதையும் பிணைத்து, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே செல்லும் பெருவில்லைத் தொடுத்தார். அவர் தொடங்கியதை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்று 1841-இல் முடித்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். மலைநாட்டில் உச்சிக்கு உச்சி நோக்கிக் கோணம் அளக்கலாம். சமவெளியில் யாது செய்வது? கோயில் விமானங்களும் கோபுரங்களுமே லாம்டனுக்கு மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்பொழுது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. லாம்டன் தம் கூடாரத்தில் ஆறு வாரம் அடைந்திருந்து அதனைத் தம் கையாலேயே சீர்ப்படுத்தினார் என்பர். எம் கூட்டத்தில் இக்கதையைக் கேட்ட பொறியியல் மாணவர் ஒருவர், கருவியைப்பற்றி ஒரு சொல்லும் கூறாமல், "விமானத்துக்கு என்ன ஆயிற்று?" என்று வினவினார். தக்க வினாவே.

லாம்டனுக்குப் பின் வந்தோர் முக்கோணங்களின் உள்ளிடத்தை நிரப்பினர். அவர் நிரப்பியது எதனால் என்பதே எமக்குப் பெருவியப்பு. மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவில் அமைந்த பழைய தாளை விரித்து எம் நாட்டைப் பாருங்கள். வறண்ட சீமை என்று பெயர் பெற்ற இடமெங்கும் நீல நிறமே சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு சிற்றூரின் பக்கத்திலும் ஒரு கண்மாய். அதன் கரை வில்போல் வளைந்த கருங்கோடு. நிலம் வடமேற்கே உயர்ந்து தென்கிழக்கே கடலை நோக்கித் தாழ்தலால், கரைகளெல்லாம் கீழ்ப்புறத்தே நிற்க, வாய்களெல்லாம் மேற்புறம் நோக்கித் திறந்திருக்கும். ஆயிரம் பிறைகள் ஒரே திசையை நோக்கி மழைக்கு வாய்திறந்து நிற்பது போன்ற தோற்றம் அது. மேற்கண்மாயின் கலுங்கு வழிந்து கீழ்க்கண்மாய்க்கும், அது வழிந்து அடுத்ததற்கும், இறுதியிற் குண்டாற்றுக்கும் நீர் செல்லும். தாளில் நடுங்கும் மயிர்க்கோடுகளாகக் காணப்படுவன அவ்வரத்துக்கால்களே. பிரளய வெள்ளம் சுழித்துப் பூமியுட் புகுந்த தலம் என்று திருச்சுழிக்குப் புராணம் கூறுவர்; அவ்வூர்ப் பெயரிலுள்ள ழகரத்துக்கு ஆங்கில எழுத்தில் இடமின்மையால் படங்களில் அது சுளியாகவும் சுலியாகவும் திரிந்து, சுழிப்பு முழுவதும் மறைந்து போயிற்று.

இப்படிக் கண்ட கண்மாய்களை நேரிற் காண்பதற்கு யாம் ஆண்டில் இருமுறை புறப்படுவோம். சென்ற பங்குனியில் திருச்சுழித் தாலுகாவில் ஒரு சிற்றூருக்குச் சென்றோம். ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறோம், காரணம் பின்னர் விளங்கும். கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்திருந்த பெரியவர் ஒருவரிடம் தாளைக் காட்டினோம். எழுத்தறியாதவர். தாளை வாங்கித் தரையில் வைத்தவர், முதற்கண் அதனைத் திருப்பினார்; வடக்கு மேலே இருந்த படத்தை மேற்கு மேலே இருக்கும்படி வைத்தார்.

"இப்படி வைத்தால்தானே தம்பிகளா, தண்ணீர் மேலிருந்து கீழே வரும்!" என்றார்.

யாம் ஒருவரையொருவர் நோக்கினோம். மேல் என்பதே மேற்கு, கீழ் என்பதே கிழக்கு என்று இளமையிற் படித்திருக்கிறோம். தமிழ்ச் சொற்களே எம் நாட்டின் சரிவை அளந்து வைத்த படம் என்பதை அன்றுதான் கண்ணாற் கண்டோம். பழைய செப்பேடுகளில் நாற்றிசை எல்லையும் கூறி, பிடியானையை நடத்தி எல்லை காட்டிய வரலாறு வரும். அக்காலத்தார்க்கும் படம் தாளில் இல்லை, காலடியில் இருந்தது.

பெரியவர் விரலால் ஒரு மயிர்க்கோட்டைத் தடவிக்கொண்டே சென்றார். "இது எங்கள் வரத்துக்கால் அல்லவா? என் தகப்பனார் இதிலே மீன் பிடித்ததாகச் சொல்லுவார். இப்போது இது இருந்த தடமே இல்லையே" என்றார். அவருடன் நடந்து பார்த்தோம். தாளில் கால் ஓடிய இடத்தில் மூவர் புஞ்சையும், ஒரு மண்பாதையும், எஞ்சியதில் சீமைக் கருவேலமும் இருந்தன. பிற்காலத்தில் அளந்து வெளியிட்ட புதிய தாளில் அக்கோடு இல்லை. அளந்தோர் பிழை என்று சொல்ல இடமில்லை. அவர் வந்த காலத்தில் தூர்ந்து போயிருக்கும். தரையில் இல்லாததை அவர் எங்ஙனம் வரைவர்? கண்மாய் மாத்திரம் இரு தாளிலும் பிறைபோல் வாய்திறந்து நிற்கிறது. புதிய தாளில் அதற்கு நீர் எவ்வழி வரும் என்பதற்குக் குறியில்லை.

"இதற்கு ஒரு பிரதி கிடைக்குமா, தம்பி? ஊர்க் கூட்டத்திலே காட்ட வேண்டும்" என்று பெரியவர் கேட்டார். எளிய வேண்டுகோள்தான். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் அவர் இதனைக் கேட்டிருப்பின் யாம் தயங்கியிருப்போம். கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குட்பட்ட இடங்களின் விரிவான சர்வேத் தாள்கள் தேசப் பாதுகாப்பைக் கருதி நெடுங்காலம் பொதுமக்களுக்கு வழங்கப்படாதிருந்தன. எம் நாடு கடலையே காணாத நாடு; ஆயினும் வேம்பாற்றுக் கரையிலிருந்து அளந்தால் அருப்புக்கோட்டையும் அவ்வளையத்துள் அடங்கிவிடும். விந்தை யாதெனின், அமெரிக்கப் படைத்துறையார் 1950-களில் இந்தியா முழுவதற்கும் அச்சிட்ட நாலு மைல் அளவுத் தாள்களை டெக்ஸாஸ் சர்வகலாசாலை நூல்நிலையத்தார் யாவரும் காண இணையத்தில் வைத்திருந்தனர். எம் வயலை எம் ஊரில் காண வழியின்றி ஆஸ்டின் நகரத்தின் வாயிலாகக் கண்டோம். 2005-இல் மத்திய அரசாங்கம் தேசப்படங்களைப் பொதுமக்களுக்கு ஒரு வரிசை, படைத்துறைக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2017-இல் பொது வரிசைத் தாள்களை இணையத்தின் வழியே இலவசமாகப் பெற ஏற்பாடு செய்தது. 2021 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகள் பழைய கட்டுப்பாடுகளுள் மிகப் பலவற்றைத் தளர்த்தின. ஆகவே பெரியவர்க்குப் பிரதி கொடுத்தோம். அவர் விருப்பப்படி பெரிதாக்கியே கொடுத்தோம்.

அப்பிரதி ஊர்க் கூட்டத்தில் விரிக்கப்பட்ட பொழுது எம்மவர் இருவர் உடனிருந்தனர். புஞ்சைக்காரருள் ஒருவர், "வெள்ளைக்காரன் காலத்துப் படம் எனக்குப் பட்டாவாகுமா?" என்றார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. மைலுக்கோர் அங்குலத் தாளில் ஒரு கோட்டின் தடிப்பே தரையில் பல கஜம் ஆகிவிடும். அது உரிமையைக் காட்டும் பத்திரமன்று. உரிமைக்குப் புலப்படமும் கிராமப் பதிவேடும் வேண்டும். ஆனால் இராமநாதபுரம் ஜமீனுக்குட்பட்டிருந்த இவ்வூர்களில் பலவற்றுக்கு, 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அத்தகைய பதிவுகள் சர்க்கார் முறைப்படி ஒழுங்காயின. அதற்கு முன் நீர் எவ்வழி ஓடிற்று என்று கேட்டால், கிழவர் நினைவும் இத்தாளுமே சாட்சிகள். யாம் அக்கூட்டத்தில் கூறியதும் அவ்வளவே: இது யாருடைய நிலம் என்று இப்படம் சொல்லாது, இங்கே தண்ணீர் ஓடிற்று என்று மாத்திரம் சொல்லும். இரண்டு புஞ்சைக்காரர் இசைந்தனர். ஒருவர் இன்னும் இசையவில்லை. இசைந்தவர் நிலத்தில் ஏறக்குறைய நூறு கஜ தூரம் கால் வெட்டியாயிற்று. மூன்றாமவர் வரப்பில் அது நிற்கிறது. பேச்சு நடந்துகொண்டிருத்தலால்தான் ஊர்ப்பெயரை விடுத்தோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் எம் கூட்டத்தின் வேலை சிறிது திரும்பிவிட்டது. தேதி காணும் விளையாட்டை விட்டோமில்லை. ஆயினும் இப்பொழுது ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய தாளிலிருந்து பத்துக் கண்மாய்களை எடுத்து, அவற்றின் பெயர், கரையின் கிடப்பு, வரத்துக்கால், கலுங்கு ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதிவருகிறோம். அவ்வவ்வூர் மாணவர் விடுமுறையிற் சென்று, இன்று உள்ளது யாது, இல்லாதது யாது என்று எதிர்ப்பக்கத்தில் எழுதுகின்றனர். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பின் அதனை ஊகத்தால் நிரப்பலாகாது என்பதே எம் கூட்டத்துக்கு இப்பொழுதுள்ள ஒரே விதி. தான்வில் துரைக்கு எம் மரியாதை அது.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார், முப்பாட்டனார் கணக்குப்பிள்ளையாகவோ, ஜமீன் ஊழியராகவோ, மிஷன் உபாத்தியாயராகவோ இருந்திருப்பின், வீட்டு மச்சில் தகரக் குழாயிலோ பெட்டியின் அடியிலோ சுருட்டிய படம் ஏதேனும் கிடத்தல் கூடும். சிறப்பாக, மண்டபசாலை, நரிக்குடிப் பக்கத்துப் பழைய கிராமப் படங்களும், 58 கே வரிசையில் திருச்சுழிக்குத் தெற்கேயுள்ள மைலுக்கோர் அங்குலத் தாள்களும் எம்மிடம் இல்லை. படத்தை யாம் வைத்துக்கொள்ளோம். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். கிடைத்தால் விரித்துப் பார்க்க வேண்டா. மடிப்பை நீவவும் வேண்டா. பசையும் ஒட்டுத்தாளும் அறவே வேண்டா. சுருண்டது சுருண்டபடியே, வெயில் படாமல் துணியிற் சுற்றி, சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் கொணர்க. மேசைகள் போட்டிருக்கும்.